கையால் திருப்பிய மீன்

மகனே,

சுகமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. நீ சுகமாக இருக்கிறாய் என்றால் கோபம் வரும், இல்லை என்றால் பரிதாபம் வந்து தொலைக்கும். இரண்டும் இப்போது வேண்டாம். செவ்வாய்க்கிழமை போனில் நீ சொன்னதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். "ஞாயித்துக்கிழமை வந்து ரேவதிய கூட்டிக்கினு போறேன், நீ புத்தி சொல்லி ரெடியா வைப்பா" என்றாய். கடையில் பொட்டலம் கட்டி வைக்கச் சொல்கிறவன் மாதிரிச் சொன்னாய். ரேவதியை நான் அனுப்பப் போவதில்லை. ஏன் என்று விளங்கவேண்டுமென்றால் நம் வீட்டில் மீன் வறுக்கும் விதத்திலிருந்து நான் தொடங்கியாக வேண்டும். சிரிக்காதே. உன் பெண்டாட்டியின் முகத்தை நீ அலமாரிக் கதவில் கொண்டுபோய் மோதியதும் மீனில் ஆரம்பித்ததுதான்.

போனில் பேசினால் நீ குறுக்கே விழுந்து பேசுவாய், நான் கத்துவேன், கடைசியில் யார் தொண்டை பெரியது என்பதுதான் மிஞ்சும். அப்பனுக்கும் மகனுக்கும் அந்தப் பழக்கம் நன்றாகவே வாய்த்திருக்கிறது. அதனால்தான் காகிதம். கிழித்துப் போடத் தோன்றினால் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

போன வெள்ளிக்கிழமை காலையில் ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டிலிருந்து ரேவதி ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் ஒரே ஒரு பை. துப்பட்டாவை முகத்தைச் சுற்றி இழுத்துப் பிடித்திருந்தாள். உள்ளே வந்து அதை எடுத்தாள். உதடு கிழிந்து கறுத்திருந்தது. இடது கண் பாதிதான் திறந்தது. நெற்றியிலிருந்து கன்னம் வரை ஸ்கேல் வைத்துக் கிழித்தாற்போல ஒரு நீலக் கோடு. "இன்னாம்மா இது?" என்றேன். "ஒண்ணும் இல்ல மாமா, கிச்சன் கபோர்டு கதவு பட்டுடுச்சி" என்றாள். நான் அதை நம்பத் தயாராக இருந்தேன், அதுதான் வெட்கக்கேடு. பார்த்து நடக்கக் கூடாதா என்று அந்தப் பெண்ணையே கேட்க வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் உன் அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ரேவதியின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, அந்தக் கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கேள்வியை மட்டும் ரேவதியிடம் கேட்டாள்.

"பெங்களூர்லயும் பூமி ஆடுதாம்மா?"

ரேவதிக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. இருபத்தாறு வருடமாக உன் அம்மா மென்று விழுங்கிக்கொண்டிருந்ததை அன்றைக்கு என் மூஞ்சியில் துப்பினாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய் நின்றுவிட்டேன்.

உனக்கும் புரிந்திருக்காது, சொல்கிறேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது இங்கே தங்கச் சுரங்கம் ஓடிக்கொண்டிருந்தது. ஆழத்தில் பாறை திடீரென்று தானாக வெடித்து நொறுங்கும், ஏர் பிளாஸ்ட் என்போம். கீழே வெடித்தால் மேலே தொழிலாளிகளுக்குக் கட்டிக்கொடுத்த நம் ஸ்கெலட்டன் லைன் வீடுகள் குலுங்கும், பரணில் இருக்கிற அண்டா உருளும், சுவர் விரியும். இந்த ஊர் ஆம்பிளைகளுக்கு அது பெரிய வசதியாகப் போய்விட்டது. எந்த வீட்டுப் பொம்பளைக்கு நெற்றி புடைத்தாலும் "பூமி ஆடிச்சி, குண்டான் விழுந்துடுச்சி" என்பார்கள். பல் போனாலும் பூமி ஆடியதுதான், கை ஒடிந்தாலும் பூமி ஆடியதுதான். குழாயடியில் தண்ணீர் பிடிக்கிற அத்தனை பெண்களுக்கும் உண்மை தெரியும். ஆனால் எல்லார் வாயிலும் அதே பொய் இருந்ததால் யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை. வேறு ஊரில் இந்தப் பொய் ஒரு நாள் தாங்காது. நம் ஊரில் அது எங்கள் எல்லாரையும் காப்பாற்றி வைத்திருந்தது.

உன் அம்மாவின் வலது கையைப் பற்றி உனக்குத் தெரிந்த கதையும் அதுதான். பூமி ஆடிச்சி, தோசைக்கல் சாய்ஞ்சிது, அம்மா கையால் பிடிச்சிட்டா. உனக்கு அப்போது ஏழு வயது, அந்த வீட்டில்தான் இருந்தாய். கல் ஆடியதை என் கண்ணால் பார்த்தேன் என்று உன் கல்யாணத்துக்கு முந்தின வாரம்கூட ரேவதியின் அப்பாவிடம் சொன்னாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து பாக்கு மென்றுகொண்டிருந்தேன்.

உன் அம்மா கை வெந்த அந்த வாரம், வியாழக்கிழமை நிஜமாகவே ஏர் பிளாஸ்ட் ஆனது. நானும் தாஸும் ஒரே ஷிப்டில் இருந்தோம். தாஸ் உனக்கு ஞாபகம் இருப்பான், சிரித்துக்கொண்டே இருப்பான். சத்தம் வந்தது, விளக்கு அணைந்தது, வாயெல்லாம் தூசி. தாஸின் கால் பாறைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. "டேய், என்ன விட்டுட்டுப் போவாத" என்று கத்தினான். நான் ஓடினேன். சுவரைத் தடவிக்கொண்டு ஆட்களை மேலே ஏற்றுகிற கேஜ் இருக்கிற இடம் வரைக்கும் ஓடினேன். வேறு யாரோ நான்கு பேர் போய் அவனைத் தூக்கி வந்தார்கள். இதை இன்றுவரை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஓடியது குற்றமில்லை என்று இப்போது நினைக்கிறேன், அந்த இருட்டில் யாரும் ஓடுவான். வீட்டுக்கு வந்து நான் செய்தது குற்றம்.

தாஸ் காலில் கட்டோடு கிடக்கிறான் என்று உன் அம்மா ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். பேத்தமங்கலம் ஏரி மீன். கூடவே அவள் கைமணமான கிளப் கோசு. அவளுடைய அப்பா சுரங்க அதிகாரிகளின் கிளப்பில் சமையல்காரராக இருந்தவர், அவரிடம் கற்றது. முட்டைக்கோசும் மாங்காயும் அன்னாசிப்பழமும் பச்சையாகக் கலந்தது. துரைகள் தின்ற தழை என்று நான் எப்போதும் நக்கல் அடிப்பேன், ஆனால் இரண்டு தரம் போட்டுக்கொள்வேன். தாஸ் அன்றைக்கு வயிறு முட்டச் சாப்பிட்டான். கை கழுவும்போது அவன் பாட்டுக்கு, "யக்கா, உன் புருஷன் ஓடுன ஓட்டத்த நீ பாத்துக்கணும். பந்தயத்துல வுட்டா கப்பு வாங்கிக்கினு வந்துடுவான்" என்றான். காலைப் பறிகொடுக்க இருந்தவன், கேலியாகச் சொல்லி அதைத் தீர்த்துக்கொண்டான். உன் அம்மா சிரித்துவிட்டாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

தாஸை அவன் மச்சான் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகும்வரை நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். பிறகு அடுப்படிக்குப் போனேன். அவள் உனக்காகக் கடைசி இரண்டு துண்டைக் கல்லில் போட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. "இன்னாமே, சிரிக்கிறியா?" என்று கேட்டு அவள் வலது மணிக்கட்டைப் பிடித்தேன். பிடித்து, உள்ளங்கையைக் கல்லில் வைத்து அழுத்தினேன். அவள் இடது கையால் என் முகத்தைக் கீறினாள், காலால் உதைத்தாள். நான் விடவில்லை. கோபத்தில் கை பட்டுவிட்டது, தள்ளினேன், தடுமாறி விழுந்தாள் என்றெல்லாம் பூசி மெழுக மாட்டேன். வைத்து அழுத்தினேன். பக்கத்தில் மீன் பொரிந்துகொண்டிருந்தது. மீன் வாசனையும் தோல் கருகிய வாசனையும் சேர்ந்து வந்தபோதுதான் கையை எடுத்தேன். வாசல் பக்கம் திரும்பினால் நீ தட்டை ஏந்திக்கொண்டு நின்றாய்.

நீ பார்த்தாய் மகனே. பூமி ஆடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு டம்ளர்கூட அசையவில்லை. உன் அம்மாவின் கையில் ஈரத்துணியைச் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன், இன்னொரு கையில் உன்னை இழுத்துக்கொண்டு. வழியெல்லாம் உன்னைக் கேட்டேன், "பூமி ஆடிச்சி இல்லடா?" முதல் தரம் நீ பேசவில்லை. இரண்டாம் தரம் தலையை ஆட்டினாய். லைன் முடிந்து பெரிய ரோட்டுக்கு வருவதற்குள் "ஆமாம்பா, கல்லு ஆடிச்சிப்பா" என்று நீயே சொல்ல ஆரம்பித்துவிட்டாய். டாக்டர் உன் அம்மாவைப் பார்த்து எப்படி ஆச்சு என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் நீ சொல்லிவிட்டாய். அவர் உன் கன்னத்தைத் தட்டிவிட்டு எழுதிக்கொண்டார். அவர் என்ன செய்வார், வியாழக்கிழமை ஆடிய பூமி ஞாயிற்றுக்கிழமையும் ஆடியிருக்கும் என்று நினைத்திருப்பார். வீட்டுக்கு வந்து அந்தக் கல்லில் கிடந்த இரண்டு துண்டையும் உன் தட்டில் வைத்தேன். நீ சாப்பிட்டாய். நான் உனக்கு முள் எடுத்துக் கொடுத்தேன்.

மறுவாரம் உன் அம்மாவுக்குப் புடவை எடுத்துக் கொடுத்தேன். கட்டுப் போட்ட கையால் அவளுக்குக் கொசுவம் வைக்க வரவில்லை. அதற்கும் எரிந்து விழுந்தேன். அதனால் சொல்கிறேன், மன்னிப்புக் கேட்கிறேன் என்று பூவும் ஸ்வீட் டப்பாவும் தூக்கிக்கொண்டு நீ யார் வாசலிலும் வந்து நிற்காதே. அது எல்லாம் யாருக்காக வாங்குவது என்று எனக்குத் தெரியும்.

புண் ஆறிய பிறகு அந்த உள்ளங்கையில் உணர்ச்சி போய்விட்டது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கியே நின்றுவிட்டன. மற்ற விரல்களில் சூடு தெரியாது, ஊசி குத்தினாலும் தெரியாது. அதற்குப் பிறகுதான் அவள் கொதிக்கிற கல்லில் கிடக்கிற மீனைக் கையாலேயே திருப்ப ஆரம்பித்தாள். உனக்கு அது எவ்வளவு பெருமை! பள்ளிக்கூடத்துப் பையன்களைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுவாய். "எங்கம்மாவுக்கு நெருப்பே சுடாதுடா." அவள் உனக்காக இன்னொரு துண்டைத் திருப்பிக் காட்டுவாள். நானும் சும்மா இருக்கவில்லை. நீ பார்த்ததை நீயே மறந்துபோக வேண்டும் என்று, வருகிறவன் போகிறவன் எல்லாரிடமும் என் பொண்டாட்டி கையாலயே மீன் திருப்புவா என்று பீற்றிக்கொண்டேன். உன் கல்யாண ரிசப்ஷனில் ரேவதியிடமே, "இந்த வீட்டு மருமக ஆவணும்னா அத்த மாதிரி கையால மீன் திருப்பணும்மா" என்று சொன்னது நான்தான். எல்லாரும் சிரித்தார்கள். உன் அம்மா சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை.

அந்தப் பேச்சை நீ பெங்களூர் வரைக்கும் கொண்டுபோய்விட்டாய். ரேவதி வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் உன் அம்மாவிடம் சொல்லிவிட்டாள், நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். ஆபீஸ் சிநேகிதர்களை வீட்டுக்கு அழைத்திருக்கிறாய். மீன் வறுக்கும்போது அவர்கள் முன்னால், "எங்கம்மா கையாலயே திருப்பும், உனக்குத் தோசைத்திருப்பி வேணுமா?" என்று அவளை உசுப்பிவிட்டிருக்கிறாய். அவளும் விளையாட்டுக்கு முயற்சி செய்து, விரல் சுட்டு, மீன் உடைந்து எண்ணெயில் விழுந்திருக்கிறது. நீங்கள் கைதட்டிச் சிரித்திருக்கிறீர்கள். அப்போது அவள், "உங்கம்மா கையில உயிரே இல்ல. ஏன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். இரண்டு வருடம் முன்னால் வந்த பெண்ணுக்குத் தெரிந்தது, உனக்குத் தெரியவில்லை. இல்லை, உனக்கும் தெரியும். அந்தக் கேள்வி ஏழு வயதில் நீ மூடி வைத்த எதையோ தொட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உனக்கு ஏன் அத்தனை வெறி வரவேண்டும்? சிநேகிதர்கள் கதவைச் சாத்திக்கொண்டு போனதும் அவள் முடியைப் பிடித்து, அலமாரிக் கதவு விளிம்பில் ஒன்று, இரண்டு, மூன்று. கபோர்டு கதவு பட்டது உண்மைதான். உன் அம்மா கையில் கல் பட்டதும் அப்படித்தான் உண்மை.

சனிக்கிழமை விடிந்ததும் கொல்லையில் கிடந்த கடப்பாறையை எடுத்துச் சாக்கில் சுற்றிக்கொண்டு ரயில் ஏறினேன். உன்னை அடிக்கத்தான். பெட்டியில் தெரிந்தவர் ஒருவர், "இன்னாண்ணே, கடப்பாறயோட பெங்களூரா?" என்று கேட்டார். "பள்ளம் தோண்டணும்" என்றேன். உட்கார்ந்து யோசித்துக்கொண்டே போனேன். கதவைத் திறந்ததும் முதல் அடி முழங்காலில், விழுந்ததும் இரண்டாவது அடி வலது கையில், ரேவதியின் முடியைப் பிடித்த கை. எலும்பு உடைகிற சத்தம்கூட என் காதில் கேட்டது. இதைச் சொல்லக் கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன்: எனக்குச் சுகமாக இருந்தது. உடம்பெல்லாம் சூடாகி, வயது பாதி குறைந்த மாதிரி இருந்தது. அந்தச் சூட்டை எனக்கு அடையாளம் தெரிந்தது. உன் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தபோது வந்ததும் அதுவேதான். பங்காரப்பேட்டையில் இறங்கி, எதிர் ரயில் வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா கடப்பாறையைப் பார்த்தாள். "அவன அடிக்கப் போனீங்களா?" "ஆமா." "அடிச்சீங்களா?" "இல்ல." அவள் ஒன்றும் பாராட்டவில்லை. "அடிச்சிருந்தா மட்டும் இன்னா மாறிக்கும்? எனுக்கு ஒண்ணு, இவளுக்கு ஒண்ணு, இப்ப அவனுக்கு ஒண்ணு. அடி வாங்கறதுக்கு இந்த வூட்ல ஆள் கொறயா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு முழுக் கட்லா மீன் வாங்கி வந்தேன். அறுபத்து நான்கு வயதில் முதல் தரம் மீன் வறுத்தேன். உன் அம்மா முக்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்லச் செய்தேன், ரேவதி கதவோரம் நின்று பார்த்தாள். நீயும் கற்றுக்கொள். கடையில் வெட்டிக் கொடுத்தாலும் செவுளும் குடலும் மிச்சம் இருக்கும், பிடுங்கி எறி. கல்லுப்பு போட்டு இரண்டு தரம் தேய்த்துக் கழுவு. துண்டின் இரண்டு பக்கமும் கத்தியால் மூன்று கீறல் போடு, எலும்புவரைக்கும் போகக்கூடாது. குண்டு மிளகாய் காரத்துக்கு, பேடகி மிளகாய் நிறத்துக்கு, கூடவே பூண்டு, மிளகு, சோம்பு. எல்லாவற்றையும் எலுமிச்சைச் சாறு விட்டு அம்மியில் அரை. மிக்சியில் அரைத்தால் வெழவெழ என்று போய்விடும் என்கிறாள். மஞ்சளும் உப்பும் ஒரு பிடி அரிசி மாவும் சேர்த்துக் கீறலுக்குள் போகும்படி அப்பிவை. எனக்கு அந்த விழுது நகக்கண்ணில் ஏறி எரிந்தது. "எரியுதுமே" என்றேன். "எரியட்டும்" என்றாள்.

மீன் ஊறுகிற அரை மணி நேரத்தில் கிளப் கோசு. முட்டைக்கோசை நூலாக அரிந்து உப்புப் பிசறிப் பத்து நிமிடம் வைத்து, தண்ணீரை ஒட்டப் பிழி. முக்கால் பழமான கிளிமூக்கு மாங்காயைத் தீக்குச்சி கனத்துக்கு நறுக்கு. அன்னாசியைப் பொடியாக, கேரட்டைத் துருவி. கிளப்பில் முட்டையும் எண்ணெயும் அடித்த வெள்ளை விழுதைக் கலப்பார்களாம். உன் அம்மாவின் அப்பா வீட்டுக்கு வந்து கெட்டித் தயிரில் செய்தார். கொஞ்சம் சர்க்கரை, இடித்த மிளகு, கொத்தமல்லி. சாப்பிடும்போதுதான் கலக்க வேண்டும், முன்கூட்டிக் கலந்தால் நீர் விட்டுவிடும். மீனின் காரத்துக்கு அது அணை. அந்தத் தழையை இத்தனை வருடம் நக்கல் அடித்தேனே, அரிவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரும்புக்கல் நன்றாகக் காய வேண்டும். கடலையெண்ணெய் ஊற்றிப் புகை கிளம்பும் நேரத்தில் துண்டுகளை வை. வைத்த பிறகு தொடாதே. என் கை சும்மா இருக்கவில்லை, உடனே திருப்பப் பார்த்தேன். முதல் துண்டு தோல் பிய்ந்து கல்லில் ஒட்டிக்கொண்டது. "வுடுங்க. அடிப்பக்கம் முறுகிச்சின்னா அதுவே கல்ல வுட்டுடும்" என்றாள். அடுத்த துண்டுக்குக் காத்திருந்தேன், ஓரம் சிவந்தது, தானாக நகர்ந்தது. திருப்பியைத் தேடி நான் திரும்புவதற்குள் உன் அம்மா எழுந்து வந்து கையைக் கல்லுக்குக் கொண்டுபோனாள், பழக்க தோஷம். ரேவதி பாய்ந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் அத்த" என்றாள். அப்போது எனக்கு வாய் வந்தது. ரேவதியைப் பார்த்துச் சொன்னேன், "அந்தக் கைய நான்தாம்மா கல்லுல வெச்சி அழுத்தினேன். பூமியும் ஆடல, ஒண்ணும் ஆடல."

சொல்லி முடித்ததும் எனக்கு இலேசாக இருந்தது. உன் அம்மா இரங்குவாள், அழுவாள், ஏதாவது ஒரு நல்ல வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவள் சொன்னது இது: "சொல்லிட்டீங்க, உங்க பாரம் எறங்கிச்சி. என் கைக்கு இன்னா வந்துச்சி?" பிறகு ரேவதிக்குப் பரிமாறினாள். அவள் உதட்டுக் கிழிசலில் மாங்காய்ப் புளிப்புப் பட்டு எரிந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனாலும் மாங்காயை ஒதுக்காமல் சாப்பிட்டாள். நான் உடைத்த துண்டை நானே தின்றேன்.

திங்கட்கிழமை மூவரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். ரேவதி தானாக எடுத்த முடிவு, நான் தூண்டவில்லை. நீ செவ்வாய்க்கிழமை பேசியபோது அது உனக்குத் தெரியாது, நானும் வாயைத் திறக்கவில்லை. சனிக்கிழமை ராத்திரி நீ போனில் "கோவத்துல ரெண்டு தட்டு தட்டிட்டேம்பா, நீ அம்மாவ அடிச்சதே இல்லியா?" என்று கேட்டாயே, அதை அப்படியே நான் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆமாம், மகனுக்கு எதிராக அப்பன் சாட்சி. புகாரை எழுதிக்கொண்டிருந்த போலீஸ் அம்மாள் காகிதத்தை நீட்டும்போது உன் அம்மாவின் மடங்கிய விரல்களைக் கவனித்துவிட்டார். இது என்ன என்று கன்னடத்தில் கேட்டார். எத்தனையோ பேர் கேட்ட கேள்விதான், ஒவ்வொரு தரமும் பூமி ஆடியிருக்கிறது. உன் அம்மா என் பக்கம் கையை நீட்டி, "இவரு" என்றாள். அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்றேன். இதற்கும் புகார் எழுதட்டுமா என்று கேட்டதற்கு, யோசித்துச் சொல்கிறேன் என்று உன் அம்மா சொல்லிவிட்டாள்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் ரேவதியை உள்ளே போகச் சொல்லிவிட்டு, என்னைப் படியிலேயே நிறுத்தினாள். "அவன் இங்க வரக்கூடாதுன்னு நீங்கதானே சொல்றீங்க?" என்றாள். "ஆமா, உள்ள வுட மாட்டேன்" என்றேன், கொஞ்சம் வீரமாகவே. "அப்ப அவனுக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமா? நீங்களும் கெளம்புங்க." நான் வாதாடினேன். கை வைத்து எத்தனை வருடம் ஆகிறது என்றேன். சுரங்கம் மூடி வேலை போன காலத்திலும் நான் அடித்திருக்கிறேன், பிறகு முதுகு வலி வந்தது, நிறுத்தினேன். அதை அவளும் சொன்னாள். "ஒடம்புல வலு போச்சி, வுட்டீங்க. மனசு வெச்சா வுட்டீங்க?" என்றாள். இரண்டு வேட்டியும் மாத்திரை டப்பாவும் பையில் போட்டுக் கொடுத்தாள். கதவைச் சாத்தும்போது சத்தம்கூட வரவில்லை.

இந்தக் கடிதத்தை ஆண்டர்சன்பேட்டையில் ஒரு தையல் கடைக்கு மேலே உள்ள அறையிலிருந்து எழுதுகிறேன். இங்கே வந்து இரண்டு நாள் ஆகிறது. அவள் மேல் கோபம் வருகிறது, உடனே அது வெட்கமாகிறது, மறுபடியும் கோபம் வருகிறது. நாற்பது வருடம் கழித்து என்னைத் தெருவில் விட்டாளே என்று நேற்றுச் சுவரில் குத்தினேன். கை வீங்கியிருக்கிறது, எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான். பார், அந்த வெறி இன்னும் எனக்குப் போகவில்லை. உனக்கு மட்டும் ஒரு அடியோடு போய்விடும் என்று நான் நம்பவில்லை. அதனால்தான் அந்தப் பெண்ணை உன்னோடு அனுப்ப மாட்டேன் என்கிறேன், நீ கெட்டவன் என்பதற்காக அல்ல. உன்னை எனக்குப் பிடிக்கும். நீ பிறந்தபோது நர்ஸ் கையிலிருந்து உன்னை வாங்க எனக்குத் தைரியம் வரவில்லை, எங்கே நசுக்கிவிடுவேனோ என்று பயந்தேன். அந்தப் பயத்தை நான் வைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கெலட்டனுக்கு நீ போகாதே. கதவைத் தட்டாதே, வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடாதே, அம்மா இரங்கிவிடுவாள் என்று கணக்குப் போடாதே. வந்தால் என்னிடம் வா. என்னை அடிக்கத் தோன்றினால்கூட வா, நான் திருப்பி அடிக்க மாட்டேன் என்று சொல்லத்தான் ஆசை, சத்தியமாகத் தெரியவில்லை. இருவரும் ஒரே அறையில் ஒரு நாள் கை நீட்டாமல் இருந்து பார்ப்போம். வருகிற திங்கட்கிழமை பத்து மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி உனக்குத் தகவல் வரும். நானும் வருவேன். உன் அம்மா என் மேல் எழுதிக் கொடுக்கிறாளா இல்லையா என்பது அவள் பாடு, கொடுக்காவிட்டாலும் நான் சொல்லப் போகிறேன். உன்னைக் கேட்பதற்கு முன்னால் என்னைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். ரேவதியும் உன் அம்மாவும் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். முதலில் நான் சொல்கிறேன், நீ நின்று கேள். அதற்குப் பிறகு நீ சொல்.

உன் அப்பா